மேலோட்டம்

நம் இலக்கியக் கூட்டங்களில் ஒரு கதையைச் சாய்க்க ஒரே ஒரு சொல் போதும். "கொஞ்சம் மேலோட்டமா இருக்கு." அவ்வளவுதான். எழுதியவர் முகம் வாடிவிடும். ஆழம் நல்லது, மேற்பரப்பு கெட்டது என்பதில் மரபுக்காரருக்கும் நவீனக்காரருக்கும் சண்டையே இல்லை.

எனக்கு மட்டும் அந்தச் சொல்லைக் கேட்டால் சின்னதாக ஓர் உறுத்தல். முனைவர் பட்டத்துக்காகச் சில ஆண்டுகள் மேற்பரப்பை மட்டுமே பார்க்கிற வேலை செய்தவள் நான். உலோகத்தின் ஆழம் எங்களுக்கு வேண்டாத விஷயம். மேலே இருக்கும் முதல் இரண்டு மூன்று அணு அடுக்குகளில் என்ன நடக்கிறது, அதன்மேல் கிராஃபீன் என்ற ஒற்றை அணுப் போர்வையைப் போர்த்தினால் என்ன மாறுகிறது, அதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை என் அப்பா வேறு மாதிரி கேட்டார். அதைச் சொல்வதற்குமுன் மேற்பரப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஒரு செப்புத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வோர் அணுவுக்கும் பன்னிரண்டு அண்டை வீட்டார். அணுக்களை நெருக்கமாக அடுக்கிய முகமாக வெட்டினால், அந்த முகத்தில் இருக்கும் அணுவுக்கு ஒன்பது பேர்தான். மூன்று பேர் குறைவு. அந்தப் பக்கம் வெறும் வெளி. படிகம் அங்கே திடீரென்று முடிந்துபோவதால், உள்ளே எங்கும் காணாத ஒன்று அங்கே தோன்றுகிறது. மேற்பரப்பில் மட்டுமே வாழும் எலக்ட்ரான்கள். உள்ளே போகலாமென்றால், அந்த ஆற்றலோடு வருபவருக்குப் படிகத்தில் இடமில்லை. வெளியே போகலாமென்றால் உலோகம் விடாது. அதனால் இரண்டுக்கும் நடுவே, அந்த மேல்தட்டிலேயே, இங்குமங்கும் ஓடிக்கொண்டிருக்கும். இப்படி ஒன்று இருக்க முடியும் என்று 1932இல் இகோர் டாம் கணக்குப் போட்டுக் காட்டினார். 1939இல் வில்லியம் ஷாக்லி வேறொரு வழியில் அதைச் சொன்னார்.

1993இல் கலிஃபோர்னியாவிலுள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் குரோமி, லட்ஸ், ஐக்லர் என்ற மூவர் அதைப் படமாகவே காட்டினார்கள். செம்பின்மேல் 48 இரும்பு அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, சுமார் 14 நானோமீட்டர் அகலத்தில் ஒரு வட்ட வேலி கட்டினார்கள். வேலிக்குள் அகப்பட்ட மேற்பரப்பு எலக்ட்ரான்கள், வாளித் தண்ணீரைத் தட்டினால் எழும் வளையங்கள்போல, அலை அலையாக நின்றன. அந்தப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். பல பாடநூல்களில் இருக்கிறது. அந்த வளையங்கள் முழுக்க முழுக்க மேற்பரப்பின் சொத்து. செம்பின் ஆழத்துக்கு அதில் பங்கு கிடையாது.

ஆனால் இந்த எலக்ட்ரான்கள் தொட்டாற்சிணுங்கிகள். காற்றில் இருக்கும் எந்த மூலக்கூறு வந்து உட்கார்ந்தாலும் கலைந்துபோகும். திறந்த காற்றில் ஓர் உலோகப் பரப்பைச் சில நானோ விநாடிகளிலேயே மூடிவிடும் அளவுக்கு மூலக்கூறுகள் வந்து மோதுகின்றன. அதனால்தான் எங்கள் வேலையில் பாதி, வெற்றிடம் உண்டாக்குவதிலேயே போகும். எஃகுக் கலத்தை அலுமினியத் தாளால் சுற்றி, ஒன்றிரண்டு நாள் சூடாக்கி, சுவரில் ஒட்டிய நீராவியை விரட்ட வேண்டும். பார்ப்பதற்கு ஈக்கான் பாக்கார் கடையில் மீனைப் பொட்டலம் கட்டி அடுப்பில் போட்டதுபோலத்தான் இருக்கும். பிறகு செப்புப் படிகத்தை ஆர்கான் அயனிகளால் சுரண்டி, சூடாக்கி, மறுபடி சுரண்டி, மறுபடி சூடாக்கி... இவ்வளவுக்கும் பிறகு நல்ல வெற்றிடத்தில் சுத்தமான பரப்பு சில மணி நேரம் நிற்கும். அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும்.

செம்பும் களிம்பும் தமிழருக்குப் புதிதல்ல. ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே அதுதான். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே பிறந்தது என்பார்கள். நவீன வேதியியலின்படி அது காற்றும் ஈரமும் செய்யும் வேலை. ஆனாலும் அந்த உவமையைச் சொன்னவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். நாம் கையில் எடுக்கும் செம்பு ஒருபோதும் தனியாக இருந்ததில்லை.

இனி கிராஃபீன். தேன்கூடுபோல அறுகோணம் அறுகோணமாகக் கோத்த கார்பன் அணுக்கள், ஒரே ஓர் அடுக்கு. 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்து அதைத் தனியாக எடுத்த கதையும், 2010இல் நோபல் வாங்கிய கதையும் எல்லாருக்கும் தெரியும். அதே 2010இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் கிராஃபீனுக்கென்றே ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. நோவோசெலோவே 2019இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவ்வளவாகத் தெரியாத கதை ஒன்று உண்டு. உலோகத்தின்மேல் ஒற்றை அடுக்குக் கார்பன் அதற்குப் பல்லாண்டு முன்பே ஆய்வகங்களில் இருந்தது, அழுக்காக. பிளாட்டினத்தைச் சூடாக்கினால் அதன்மேல் ஏதோ ஒன்று படிகிறது, அளவீடுகளில் புரியாத வளையங்கள் விழுகின்றன. அது கிராஃபைட்டின் ஒற்றை அடுக்கு என்று 1969இல் ஜான் மே விளக்கினார். வினையூக்கியாகப் பயன்படும் உலோகத்தின்மேல் கரி படிந்தால் அது வேலை செய்வதை நிறுத்திவிடும். தொழிற்சாலைக்காரர்கள் அதை 'நஞ்சேறிவிட்டது' என்பார்கள். ஒரு தலைமுறை கழுவித் தள்ளிய அழுக்கை அடுத்த தலைமுறை வேண்டுமென்றே வளர்க்கத் தொடங்கியது. 2009இல் டெக்சஸில் ரூவாஃப் குழு, செப்புத் தகட்டை 1000 டிகிரிக்குச் சூடாக்கி மீத்தேன் வாயுவைச் செலுத்தி, பெரும்பாலும் ஒரே அடுக்காகக் கிராஃபீனை வளர்த்துக் காட்டியது. செம்பு கார்பனைத் தனக்குள் கரைத்துக்கொள்வதில்லை. அதனால் மேலே ஓர் அடுக்கு நிரம்பியதும் வளர்ச்சி தானாகவே நின்றுவிடுகிறது.

அந்த அடுக்கு வந்து உட்கார்ந்ததும் உலோகத்துக்கு என்ன ஆகிறது? முதலில் ஒரு தள்ளல். உலோகத்தின் எலக்ட்ரான்கள் அணுக்களின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை, ஒரு மெல்லிய வால்போலக் கொஞ்சம் வெளியே சிந்தி நிற்கும். மேலே எது வந்து அமர்ந்தாலும் அந்த வாலை உள்ளே அழுத்தும். நிரம்பிய பேருந்தில் கதவு மூடும்போது வாசலில் நிற்பவர்கள் உள்ளே நெருங்குவதுபோல. விளைவு, உலோகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல் குறைகிறது. 2008இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட ஒரு கணக்கீட்டின்படி, பிளாட்டினத்துக்கு 6.1 எலக்ட்ரான் வோல்ட்டாக இருந்தது 4.9க்கு இறங்கியது. செம்புக்கு 5.2 என்பது 4.4 ஆனது. ஓர் அணு கனமுள்ள ஒன்று செய்யும் வேலை இது.

அடுத்து ஒரு கொடுக்கல் வாங்கல். கிராஃபீனுக்கும் உலோகத்துக்கும் எலக்ட்ரான் மேலுள்ள பிடிப்பு ஒரே அளவில் இல்லை. கிராஃபீனின் அளவு சுமார் 4.5. அதைவிடப் பிடிப்பு அதிகமுள்ள உலோகமெல்லாம் கிராஃபீனிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் என்றுதான் யாரும் நினைப்போம். அதே கணக்கீட்டில் எல்லைக்கோடு 5.4க்குப் போய்விட்டது. காரணம், முதலில் சொன்ன அந்தத் தள்ளல். தொட்டவுடன் இருவருடைய நிலையும் மாறிவிடுவதால், தொடுவதற்கு முன்பிருந்த கணக்கு செல்லாது. 5.2 உள்ள செம்பு, வாங்க வேண்டிய இடத்தில் கொடுக்கிறது.

மூன்றாவது, இருவருக்கும் நடுவிலுள்ள தூரம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இதுதான். செம்பு, வெள்ளி, தங்கம், பிளாட்டினம், இரிடியம் ஆகியவற்றின்மேல் கிராஃபீன் ஏறக்குறைய 0.33 நானோமீட்டர் தள்ளி மிதக்கிறது. கிராஃபைட்டுக்குள் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் அதே இடைவெளி. நிக்கல், கோபால்ட் என்றால் 0.21தான். சண்டைபோடும் அளவுக்கு நெருக்கம். எட்ட நிற்கும்போது இருவரும் பெரும்பாலும் தத்தம் இயல்போடு இருக்கிறார்கள். கிராஃபீனின் எலக்ட்ரான்கள் கிராஃபீனுக்கே உரிய வேகத்தில் ஓடுகின்றன. செம்பின் மேற்பரப்பு எலக்ட்ரான்களும் போர்வைக்கடியில் உயிரோடு இருக்கின்றன, ஆற்றல் மட்டும் சற்று மேலே நகர்ந்திருக்கும். நிக்கலின்மேல் அப்படியில்லை. இருவருடைய எலக்ட்ரான்களும் கலந்து, கிராஃபீனை கிராஃபீனாகக் காட்டும் அந்தத் தனி அடையாளமே உடைந்துபோகிறது.

2012இல் பெர்லினிலிருந்து வந்த ஒரு கட்டுரை எங்கள் ஆய்வகத்தில் பலமுறை கைமாறியது. இரிடியத்தின்மேல் கிராஃபீனை வளர்த்து, அதை வெற்றிடத்திலிருந்து வெளியே எடுத்து, சாதாரணக் காற்றில் வைத்து, மறுபடி உள்ளே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். மேற்பரப்பு எலக்ட்ரான்கள் அப்படியே இருந்தன. எத்தனை இரவு அலுமினியத் தாள் சுற்றியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். நானோ விநாடியில் கலையும் ஒன்றை ஓர் அணுப் போர்வை காப்பாற்றிவிட்டது.

அப்பா ஜொகூரில் முலாம் பூசும் பட்டறையில் வேலை செய்தார். மோட்டார் ரிம், பம்பர், மேசைக்கால், குழாய்த் தலை. அமிலத்தில் கழுவி, செம்புத் தொட்டி, நிக்கல் தொட்டி, கடைசியாக குரோம் தொட்டி. குரோமில் ரெண்டு மூணு நிமிஷம்தான். அந்தக் கண்ணாடிப் பளபளப்பு மைக்ரோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. கிராஃபீன் கணக்கில் சொன்னால் ஓராயிரம் அடுக்கு. மின்சாரம் பாயும்போது தொட்டியில் குமிழ் குமிழாகக் கிளம்பி உடையும். ஆரஞ்சு நிறக் கரைசல் மெல்லிய தூவானமாக மேலே வரும். காற்றிழுக்கும் விசிறி ஒன்றிருந்தது, ஓடும் நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. அப்பாவுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். குரோம் தொட்டிக்காரர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையே விழும் என்பது மருத்துவ நூல்களில் நூறு ஆண்டுக்கும் மேலாக இருக்கிற செய்தி. கரைசலிலிருக்கும் அந்த ஆறு இணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்பதிலும் இன்று சந்தேகமில்லை. அப்பா அதை "கெமிக்கல் சூடு" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். நாளிதழை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஏம்மா, நீ படிக்கிறது இதானே? கிராபீனு. அணு அளவு மெல்லிசாம். இத மேல போட்டா துருவே பிடிக்காதுன்னு போட்டிருக்கான். உண்மையா?"

கேள்வி துருவைப் பற்றியதுதான். ஆனால் அந்தத் தொட்டி இல்லாமல் ஒரு பட்டறை நடக்க முடியுமா என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது. அதனால் 'ஆமாப்பா' என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது.

சொல்ல ஆதாரமும் இருந்தது. 2011இல் ரூவாஃப் குழுவே, கிராஃபீன் போர்த்திய செம்பைக் காற்றில் 200 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தும் கறுக்கவில்லை என்று காட்டியிருந்தது. கிராஃபீன் பூசிய ஒரு சென்ட் காசு மினுமினுக்க, பூசாத காசு கறுத்துக் கிடக்கும் படம் ரொம்பப் பிரபலம். ஆனால் 2013இல் பெர்க்லி குழுவிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. நீண்டகாலக் காப்புக்குக் கிராஃபீன், ஒன்றுமே பூசாமல் விடுவதைவிட மோசம் என்று தலைப்பிலேயே சொன்னது. அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் விட்டுப் பார்த்தால், போர்த்திய செம்புதான் அதிகம் அரித்திருந்தது. வெறும் செம்பு தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு தோலை வளர்த்துக்கொண்டு ஓரளவு தன்னைக் காத்துக்கொள்கிறது. கிராஃபீனோ மின்கடத்தி. அதில் எங்காவது ஒரு கிழிசல் இருந்தால், ஆக்சிஜனும் ஈரமும் அந்த வழியாக நுழையும். அரிப்பு என்பது எலக்ட்ரான்கள் கைமாறும் வேலை. செம்பு அங்கே விடும் எலக்ட்ரானைக் கிராஃபீன் தன் பரப்பு முழுக்கக் கொண்டுபோய் ஆக்சிஜனிடம் சேர்க்கிறது. காவல்காரனே கதவைத் திறந்துவிட்டு, மூட்டையைச் சுமந்தும் கொடுப்பதுபோல.

இதைத் தயங்கித் தயங்கி விளக்கினேன். அப்பா பாதியிலேயே தலையாட்டினார்.

"இதுக்குப் போயி இவ்ளோ படிக்கணுமா? இரும்புமேல நிக்கல் போட்டு ஊசிமுனை ஓட்ட இருந்துச்சுன்னா, சும்மா கெடக்கிற இரும்பவிட வேகமா அந்த எடம்தான் திங்கும். துத்தநாகம் அப்படியில்ல. கீறல் விழுந்தாலும் அது முதல்ல செத்து இரும்பக் காப்பாத்தும். நிக்கல்னா முழுசா மூடணும், இல்லன்னா மூடாம இருக்கணும். அர மூடி மூடுனா தவுக்கே கூலி குடுக்க மாட்டான்."

அவர் சொன்னது அப்படியே மின்வேதியியல். துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானை விடும், நிக்கல் விடாது. பெரிய பரப்பு வாங்கிக்கொள்ள, சின்ன ஓட்டை கொடுத்துக்கொண்டே இருந்தால், அந்த ஓட்டை குழியாகும். பெர்க்லிக்காரர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து கண்டதன் அடிப்படை விதியை, திருப்பி அனுப்பப்பட்ட பம்பர்களைப் பார்த்தே அவர் தெரிந்துவைத்திருந்தார். இரண்டு பேருக்கும் பாடம் கற்றுக்கொடுத்தது மேற்பரப்புதான்.

2015இல் வந்த இன்னோர் ஆய்வு இந்தக் கதையை நிக்கல் பக்கம் திருப்பியது. நிக்கல்மேல் வளர்த்த ஒற்றை அடுக்குக் கிராஃபீன், சாதாரணக் காற்றில் 18 மாதத்துக்கும் மேல் அதைக் காத்து நின்றது. செம்பில் தோற்றது நிக்கலில் எப்படி ஜெயித்தது? காரணம் அந்த 0.21. செம்புக்கும் கிராஃபீனுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, பிடிப்பு குறைவு. கிழிசல் வழியாக வந்த ஆக்சிஜன் உள்ளே ஊர்ந்து பரவுகிறது. நிக்கல் இறுகப் பிடித்திருப்பதால் ஊர இடமில்லை. கிழிசல் விழுந்த இடத்தில் மட்டும் நிக்கல் தன் ஆக்சைடால் ஓட்டையை அடைத்துக்கொள்கிறது.

எட்ட நின்றால் கிராஃபீன் கிராஃபீனாகவே இருக்கும், ஆனால் நடுவில் காற்று புகும். ஒட்டி நின்றால் காற்று புகாது, ஆனால் கிராஃபீன் தன் இயல்பைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே உலோகத்தில் எதிர்பார்ப்பது கடினம். இதைப் படித்தபோது எனக்கு மனிதர்கள் நினைவுக்கு வந்தார்கள், உங்களுக்கும் யாராவது நினைவுக்கு வந்திருப்பார்கள். அதை உவமையாக நீட்டப் போவதில்லை. எலக்ட்ரான்களுக்கு மனசு கிடையாது. ஒன்று மட்டும் சொல்வேன். ஒரு பரப்பை மூடுவது என்றால் அதன்மேல் எதையோ வைப்பது மட்டுமல்ல. வைத்ததும் வைக்கப்பட்டதும் இரண்டும் மாறுகின்றன, எவ்வளவு நெருக்கம் என்பதுதான் எப்படி மாறும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆழத்தில் எவ்வளவு தேடினாலும் இது தெரியவராது.

"அப்ப நிக்கல்மேல போட வேண்டியதுதானே?" என்று அப்பா விடவில்லை. நிக்கலில் நல்ல அடுக்கு வளர்க்கப் பல நூறு டிகிரி சூடும், காற்றில்லாத அடுப்பும், கரி வாயுவும் வேண்டும் என்றேன். அவருடைய நிக்கல் தொட்டி அறுபது டிகிரியைத் தாண்டாது. குழாய்த் தலையில் பாதி பிளாஸ்டிக். "அப்ப இப்போதைக்கு இல்ல" என்றார். ஏமாந்ததுபோல் தெரியவில்லை. நாளிதழை மடித்து வைத்துவிட்டு கோப்பி கலக்கப் போனார்.

அவர் ஓய்வுபெறுவதற்கு ஓராண்டு முன்பு பட்டறையில் குரோம் தொட்டியை மாற்றினார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் பழைய முறையில் பூசியதை இனி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். ஆரஞ்சுக் கரைசல் போய், கரும்பச்சையாக மூன்று இணைதிறக் குரோமியக் கரைசல் வந்தது. பூச்சு பழையதைவிட ஒரு சாயல் கறுப்பு என்று அப்பாவுக்குக் குறை. ஆனால் தூவானம் முன்போல் மூக்கைச் சுடவில்லை. முன்னது புற்றுநோய் தருவது. பின்னது அந்த அளவுக்கு ஆபத்தில்லாதது. இரண்டிலும் இருப்பது ஒரே குரோமியம். ஓர் அணுவுக்கு மூன்று எலக்ட்ரான், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் அதைச் சொன்னபோது அப்பா தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். பழைய வடுக்கள் அப்படியேதான் இருந்தன. "மூணு போதுமா?" என்றார்.